லினக்ஸ் என்று சொல்வதா, வேண்டாமா? இணையச் சேவை உதவி மையத்தை அணுகும் நான்கு வழிகள்

இணைப்பு அறுந்துவிட்டது. உதவி மையத்தை அழைக்கிறோம். "ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள்" என்கிறார் மறுமுனையில் இருப்பவர். நம் திரையில் அப்படி ஒரு பொத்தானே இல்லை. விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயங்குதளங்களைப் பயன்படுத்தும் எவருக்கும் இந்தக் கணம் பழக்கமானது. அதைக் கடக்க நான் முயன்று பார்த்த வழிகள் நான்கு. நான்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

முதல் வழி, எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது. நேர்மையானது, ஆனால் பெரும்பாலும் பலிக்காதது. பேசுபவரின் திரையில் உள்ள கேள்விகள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் எழுதப்பட்டவை. "லினக்ஸுக்கு நாங்கள் உதவுவதில்லை" என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடலாம். அந்த ஊழியர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இருப்பதைத்தான் அவர் படிக்க முடியும். அந்தத் தாளை எழுதியவர்கள் மீதுதான் வருத்தம். இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறை 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தோடு சேர்ந்தே பரவியது. அந்த மரபில் வந்த இயங்குதளத்தை இணைய நிறுவனமே அந்நியமாகப் பார்ப்பது நியாயமில்லை. எப்போதாவது லினக்ஸ் தெரிந்த ஒருவர் அழைப்பை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். ஆனால் அதை நம்பி அழைக்க முடியாது.

இரண்டாவது, இயங்குதளத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், அவர் சொல்வதை மனத்துக்குள் மாற்றிக்கொண்டு செய்வது. அவர் "ஐபிகான்ஃபிக்" என்றால் நாம் "ஐபி ஏ" என்று தட்டச்சு செய்கிறோம்; இரண்டும் கணினியின் இணைய முகவரியைக் காட்டும் கட்டளைகள்தான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் பழகியவர்களுக்கு இது எளிது. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை, விண்டோஸில் நான்கு தரவுப் பொட்டலங்களை அனுப்பிவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையை நாமே நான்கு என்று குறிப்பிட்டுவிட்டால் அவர் எதிர்பார்க்கும் முடிவையே படித்துச் சொல்லலாம். தரவு செல்லும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையில் வேறுபாடு இன்னும் ஆழமானது. விண்டோஸ் அதற்கு ஐசிஎம்பி என்ற வகைப் பொட்டலங்களை அனுப்புகிறது. லினக்ஸ் வழக்கமாக யுடிபி என்ற வேறு வகைப் பொட்டலங்களை அனுப்புகிறது. வழியில் போக்குவரத்தை வடிகட்டும் தீயரண்கள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதால், ஒரே இணைப்பில் இரு வேறு முடிவுகள் வரக்கூடும்.

இந்த வழியில் எனக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. "விண்டோஸ்தானே?" என்று நேரடியாகக் கேட்டால் ஆம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொய் புகார்ப் பதிவில் ஏறும். அடுத்த நிலையில் அதைப் படிக்கும் பொறியாளர் தவறான இடத்தில் பழுதைத் தேடுவார், நஷ்டம் நமக்குத்தான்.

மூன்றாவது, வேறொரு கருவியைச் சாட்சிக்கு அழைப்பது. அதே வைஃபையில் ஒரு கைபேசியை இணைத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்வது முக்கியம். அதிலும் இணையம் வரவில்லை என்றால் கணினியின் இயங்குதளத்தைப் பற்றிய பேச்சே தேவையில்லை. லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியாக விண்டோஸை ஓட்டிக் காட்டுவது இதற்கு உதவாது. அதன் போக்குவரத்தும் நம் லினக்ஸ் வழியாகத்தானே வெளியே போகிறது!

இதே சோதனை நமக்கு எதிராகவும் பேசும், பேசட்டும். கைபேசியில் எல்லாம் சரியாக வந்து நம் கணினியில் மட்டும் வரவில்லை என்றால், அழைப்பதற்கு முன் நம் வீட்டைப் பார்ப்போம். 1.1.1.1 என்ற முகவரிக்குப் பிங் போகிறது, தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் சிக்கல், பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ்ஸில். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் பெயர் தேடல் 127.0.0.53 என்ற உள்முகவரி வழியாக நடப்பதால், அங்கிருந்து தொடங்கலாம். நம் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்.

நான் முதலிடம் கொடுப்பது நான்காவது வழிக்கு: பேச்சைக் கணினியிலிருந்து ரவுட்டருக்கு நகர்த்திவிடுவது. ரவுட்டரின் பக்கம் எந்த உலாவியிலும் ஒரே மாதிரிதான் திறக்கும். பல நிறுவனங்கள் டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாக அந்த ரவுட்டரைத் தொலைவிலிருந்தே பார்க்கின்றன. ஆகவே நாம் சொல்வதை அவர்களே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

ஒருமுறை என் இணைப்பு மாலை நேரங்களில் விட்டுவிட்டு அறுந்தது. இரண்டு அழைப்புகள் இயங்குதளத்தைப் பற்றிய பேச்சிலேயே முடிந்தன. மூன்றாம் முறை கணினியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்து அணைகிறது. உள்வரும் ஒளியின் அளவு மைனஸ் 29 டிபிஎம் காட்டுகிறது" என்று மட்டும் சொன்னேன். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பானால் ஒளிச் சமிக்ஞை சரியாக வரவில்லை என்று பொருள்; டிபிஎம் என்பது அந்த ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் அது மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனாலே நிலைமை ஆபத்து. எதிர்முனையில் ஒரு கணம் மௌனம்; பிறகு ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் புகார் எண்ணைக் கொடுத்தார். கம்பி கூர்மையாக மடங்கியிருந்ததுதான் காரணம்.

ஃபைபர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் இணைப்பில், இரைச்சலைத் தாங்க மீதமிருக்கும் அளவைச் சொல்லும் இரைச்சல் இடைவெளி 6 டெசிபலுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, ரவுட்டர் நிறுவனத்துக்குள் உள்நுழையும் பிபிபிஓஇ இணைப்பு எத்தனை மணிக்கு அறுந்தது என்பவற்றை ரவுட்டரின் பதிவேட்டிலிருந்து நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பொட்டலம் தொலைகிறது என்று காட்டும் எம்டிஆர் கட்டளையின் முடிவை அனுப்புவதானால், இடையில் ஒரு கணுவில், அதாவது வழியில் உள்ள ஒரு ரவுட்டரில், மட்டும் தெரியும் இழப்பைக் காட்டிக் குற்றம் சாட்டாதீர்கள். பல ரவுட்டர்கள் அத்தகைய பொட்டலங்களுக்கு அளவோடுதான் பதில் தருகின்றன. இழப்பு கடைசிக் கணுவரை தொடர்ந்தால்தான் அது சான்று.

தொழில்நுட்பர் நேரில் வந்தால் அவருடைய மடிக்கணினியை ரவுட்டரில் கேபிள் வழியாக இணைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். அதிலும் இணையம் வரவில்லை என்றால், உங்கள் கணினியை அவர் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இராது.