சென்ட்ரல் பார்க் சைக்கிள் ரிக்‌ஷா: 45 டாலர் என்று ஏற்றி 273 டாலர் 14 சென்ட் பிடுங்கிவிட்டார்கள்

முந்தாநாள் சாயங்காலம் நடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை நியூயார்க் கூட்டிப்போகிறவர்கள் யாரும் சென்ட்ரல் பார்க்கை விடமாட்டீர்கள். போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மூன்று பேர், சைக்கிள் ரிக்‌ஷாவில் 38 நிமிடம், 273 டாலர் 14 சென்ட். ஏறும்போது சொன்ன தொகை 45.

முதலில் இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றே இடம் தெரியாததில்தான் ஆரம்பிக்கிறது. பார்க் 843 ஏக்கர். தெற்கே 59ஆம் தெருவில் தொடங்கி வடக்கே 110ஆம் தெருவில் முடிகிறது, நீளம் இரண்டரை மைல், அகலம் அரை மைல். உள்ளே நுழையக் கட்டணமே கிடையாது. காலை 6 மணி முதல் இரவு 1 மணி வரை திறந்திருக்கும். உள்சாலைகளில் 2018 ஜூனிலிருந்து கார் கிடையாது. அதனால் முட்டி வலிக்காரர்களை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ரிக்‌ஷாவும் குதிரை வண்டியும்தான் கண்ணில் படும். 59ஆம் தெரு வாசல்களில், கொலம்பஸ் சர்க்கிள் பக்கமும் ஆறாவது, ஏழாவது அவென்யூ முனைகளிலும், ரிக்‌ஷாக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். நடக்கத் திணறுகிறவர் யார் என்று தூரத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அந்த ஆள் வந்து பேசின விதம் அப்படி. "நமஸ்தே" என்று கை கூப்பினான். அம்மா படியில் கால் வைக்கும்போது கையைப் பிடித்து ஏற்றினான். முழங்காலுக்கு மேல் ஒரு போர்வையை விரித்துவிட்டான். விலை கேட்டதற்கு, "நாற்பத்தைந்து, மூன்று பேருக்கும் சேர்த்து, பார்க் முழுக்க" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னான். ஆளுக்கு நாற்பத்தைந்தா என்று இரண்டாவது தடவை கேட்டபோதும் "இல்லை இல்லை, எல்லாருக்கும்" என்றான். அம்மா அதற்குள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை இறக்கி, இன்னொரு ரிக்‌ஷாவிடம் போய் விலை கேட்க யாருக்கு மனசு வரும்? அந்த இடத்தில்தான் மாட்டுகிறோம்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், ஏறுவதற்கு முன்னால் இது தெரிந்திருந்தால் 273 டாலர் போயிருக்காது. நியூயார்க் நகரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா நிமிடக் கணக்கில் மட்டும்தான் கட்டணம் வாங்கலாம். தலைக்கு இவ்வளவு, ரவுண்டுக்கு இவ்வளவு, தெருவுக்கு இவ்வளவு என்பதெல்லாம் கூடாது. ஒருவர் ஏறினாலும் மூன்று பேர் ஏறினாலும் நிமிடக் கட்டணம் ஒன்றுதான். அந்தக் கட்டணத்தை ஒரு அட்டையில் எழுதி வண்டியில் தொங்கவிட வேண்டும். பயணி பார்க்கும்படி டைமர் ஓட வேண்டும். ஆனால் அந்த நிமிடக் கட்டணம் எவ்வளவு என்பதற்கு நகரம் உச்சவரம்பு வைக்கவில்லை. குதிரை வண்டிக்குக் கட்டணத்தை நகரமே நிர்ணயிக்கிறது, ரிக்‌ஷாவுக்கு அப்படி இல்லை. வண்டிக்காரர் அட்டையில் எதை எழுதுகிறாரோ அதுதான் விலை.

ஆக, "மொத்தமாக 45" என்று ஒருவன் வாயால் சொன்னாலே அவன் விதியை மீறத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம். மலிவான விலை கிடைத்தது என்று நாம் சந்தோஷப்படுகிறோம், உண்மையில் அந்த வாய்ச்சொல்லுக்கு ஒரு பைசா மதிப்பில்லை. இறங்கும்போது அட்டையைக் காட்டுவான். அட்டைதான் நிற்கும்.

எங்கள் வண்டியில் அட்டை இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பாவின் தோளுக்குப் பின்னால், மடித்துச் சொருகியிருந்த இன்னொரு போர்வைக்கு அடியில் பாதி மறைந்து தொங்குகிறது. "5.99" மட்டும் கொட்டை எழுத்தில் தெரிகிறது. "ஒரு நிமிடத்துக்கு" என்கிற வரி அதற்குக் கீழே எறும்பு மாதிரி. உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதை எப்படிப் படிப்பார்? டைமர் அவனுடைய போனில் ஓடியது, போன் ஹேண்டில்பாரில் அவன் முகத்தைப் பார்த்தபடி.

அவன் ஓட்டிய வழியையும் சொல்ல வேண்டும். பார்க்குக்குள் வட்டச் சாலையில் வண்டிகள் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில்தான் போகும், கிழக்குப் பக்கம் வடக்கே ஏறி, மேற்குப் பக்கம் தெற்கே இறங்கும். முழு வட்டம் 6.1 மைல், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், வடக்கு முனையில் ஹார்லெம் மேடு வேறு. மூன்று பேரை வைத்து அந்த மேட்டை மிதிக்க யாருக்கும் விருப்பமிருக்காது. அதனால் 72ஆம் தெரு குறுக்குச் சாலையிலேயே மேற்கே திருப்பி, கீழ் வட்டத்தை மட்டும் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். அது 1.7 மைல், நம் கணக்கில் 2.7 கிலோமீட்டர். "பார்க் முழுக்க" என்று அவன் சொன்னது இதைத்தான். பெரிய நீர்த்தேக்கம் 85ஆம் தெருவுக்கு மேலே இருக்கிறது, அதன் பக்கமே போகவில்லை.

எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பார்க்கின் விளக்குக் கம்பங்களில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்திலுள்ள தெரு எண். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மேற்குப் பாதி, இரட்டைப்படை என்றால் கிழக்கு. 6802 என்றிருந்தால் 68ஆம் தெருவை ஒட்டி, கிழக்குப் பக்கம். வழி தவறினாலும் இதுதான் உதவும், போனில் சிக்னல் போனாலும் கம்பம் இருக்கும்.

வண்டி நின்ற இடங்களில்தான் பணம் போனது. செர்ரி ஹில்லில் நிறுத்தினான். அங்கிருந்து பெதஸ்தா நீரூற்றுக்கு வண்டி இறங்காது, நடந்துதான் போக வேண்டும். "போய் நிதானமாகப் பாருங்கள், அவசரமே இல்லை, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று அம்மா சொன்னார். அங்கே 11 நிமிடம். அடுத்து ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ், பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான் நினைவிடம். அதற்குள்ளும் வண்டி போகாது, அங்கே 9 நிமிடம். போட்டோ எடுக்க வரிசை நிற்கும் இடம் அது, அவனுக்குத் தெரியாதா? ஆக 38 நிமிடத்தில் 20 நிமிடம் வண்டி சும்மா நின்றது. 20 நிமிடம் பெருக்கல் 5.99, அதாவது 119 டாலர் 80 சென்ட், காலி வண்டிக்கு. மிதித்த 18 நிமிடத்துக்கு 107.82. இரண்டும் சேர்ந்து 227.62. அதற்கு மேல் 20 சதவீத டிப், 45.52. மொத்தம் 273.14.

அந்த டிப்பை யாரும் கொடுக்கவில்லை. போன் திரையில் 20, 25, 30 என்று மூன்று பெரிய கட்டம் வரும், "டிப் வேண்டாம்" என்பது அடியில் மங்கலாக இருக்கும். 20 ஏற்கனவே தேர்வாகி இருந்தது. போனை அவன் கையை விட்டுக் கொடுக்கவில்லை, கார்டை மட்டும் தொடச் சொன்னான். தொட்டு முடிந்த பிறகுதான் தொகை கண்ணில் பட்டது. சட்டப்படி டிப் நம் விருப்பம், கட்டாயம் இல்லை.

நாற்பத்தைந்து என்றாயே என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அது ஆரம்பக் கட்டணம்" என்றான். ஆரம்பக் கட்டணம் என்று ஒன்று கிடையாது என்பது அப்போது தெரியவில்லை. போர்வையை ஒதுக்கி அட்டையைக் காட்டினான். "போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்களும் இதையேதான் படிப்பார்கள்" என்றான். அப்பா, "விடுப்பா, வேற ஊர்ல வந்து சண்டை வேண்டாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் குரல் நடுங்கியதுதான் இன்னும் உறுத்துகிறது. 273 டாலர் 14 சென்ட், ரூபாயில் இருபதாயிரத்துக்கு மேல். பார்க்கைப் பற்றி அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு தட்டிக்கழித்த கதை. வண்டியின் பக்கவாட்டில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. கூப்பிட்டால், "நாங்கள் வண்டியை வாடகைக்கு விடுகிறோம், ஓட்டுகிறவர் வாங்கும் பணம் எங்களுடையது இல்லை" என்றார்கள். இரண்டாவது தடவை எடுத்து, சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை வாய்ஸ்மெயில். கார்டு தேய்த்த செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதினால், "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று ஒரு வரி. விற்பனையாளர் பெயர் என்று வங்கிக் கணக்கில் வந்திருப்பதோ யாரோ ஒருவருடைய முதல் பெயர், அவ்வளவுதான்.

வங்கியில் அரை மணி நேரம் காத்திருந்து பேசினேன். கார்டு உங்கள் கையில் இருந்தது, நீங்களே தொட்டிருக்கிறீர்கள், அதனால் இது மோசடிப் பரிவர்த்தனை ஆகாது என்றார்கள். பேசிய தொகை வேறு, எடுத்த தொகை வேறு என்று ஒரு பிரிவில் மறுப்புப் பதியலாமாம். அதற்கு 45 என்று எழுத்தில் ஏதாவது வேண்டும். ரசீது, குறுஞ்செய்தி, எதுவுமே இல்லை. ரசீது வேண்டுமா என்று திரை கேட்டபோது "வேண்டாம்" என்று அழுத்தியவனும் அவன்தான்.

நகரத்தின் உதவி எண்ணான 311க்கும் சொல்லியாகிவிட்டது. ரிக்‌ஷாக்களுக்கு உரிமம் கொடுப்பது நகரத்தின் நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறை, 311 புகார் அங்கேதான் போகும். வெளியூரிலிருந்து கூப்பிட 212-639-9675. அவர்கள் மட்டும்தான் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் முதல் கேள்வியே வண்டியின் பதிவுத் தகட்டு எண் என்ன என்பது. தகடு வண்டியின் பின்புறம் இருக்கும். எங்களிடம் பதினான்கு போட்டோ இருக்கிறது, எல்லாம் அவனே என் போனை வாங்கி அன்பாக எடுத்துக் கொடுத்தது. பதினான்கும் முன்பக்கத்திலிருந்து. ஒன்றில்கூடத் தகடு இல்லை. கழுத்தில் மாட்டியிருந்த உரிம அட்டையும் திருப்பிக்கொண்டு தொங்கியது.

வயசானவர்களுக்கு ரிக்‌ஷாவே தேவையில்லை என்பது இப்போது வரைபடத்தை வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. பி அல்லது சி ரயிலில் மேற்கு 72ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் எதிரே பார்க். வார இறுதியில் பி ஓடாது, சி ஓடும். உள்ளே நுழைந்ததுமே ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ். படி ஏற முடியாதவர்களுக்கு எம்10 பஸ் பார்க்கின் மேற்கு ஓரமாகவே போகிறது, அதில் 72இல் இறங்கலாம். நினைவிடத்திலிருந்து குறுக்குச் சாலையை ஒட்டிக் கிழக்கே மெல்ல நடந்தால், செர்ரி ஹில்லைத் தாண்டிக் கால் மணி நேரத்துக்குள் பெதஸ்தா. வழி நெடுக பெஞ்ச் இருக்கிறது. நீரூற்றைப் பார்த்துவிட்டு, மேல் தளத்திலிருந்து தெற்கே எல்ம் மரங்களுக்கு நடுவே போகும் அகலமான நடைபாதையைப் பிடித்தால் சமதளம். நாங்கள் 273 டாலர் கொடுத்துப் பார்த்த அத்தனை இடமும் இந்த நடையில் வந்துவிடுகிறது.

விவரமாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வங்கிக்காரர் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்ன நேரம் ஆகிவிட்டது, அவசரமாக முடிக்கிறேன். மொத்தத் தொகை சொல்கிற ரிக்‌ஷாவில் ஏறாதீர்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், யாரையும் உட்கார வைப்பதற்கு முன்னால் பின்பக்கத் தகட்டையும் கட்டண அட்டையையும் நீங்களே போட்டோ எடுங்கள், அதை எடுக்கவிடாதவன் வண்டி வேண்டாம். டைமரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இறங்கி நடக்கும் இடம் வந்தால் அங்கேயே கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள், வண்டியைக் காக்க வைக்காதீர்கள். ரொக்கமோ கார்டோ, தொகையைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள், டிப் கட்டத்தைப் பாருங்கள். சைக்கிள் வாடகை என்று அட்டை பிடித்து நிற்பவர்களிடமும் டெபாசிட், தாமதக் கட்டணம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஆறாவது அவென்யூ வாசலில் நீல மேல்கூரை, சிவப்புக் கட்டம் போட்ட போர்வை உள்ள ரிக்‌ஷாவை யாராவது போட்டோ எடுத்திருந்தால், பின்பக்கம் தெரிந்தால், தயவுசெய்து அனுப்புங்கள். தகட்டு எண் கிடைத்தால் புகாரில் சேர்த்துவிடலாம்.