ஒரே வேகம், இரு கட்டணம்: வீட்டு இணைப்பும் அலுவலக இணைப்பும்

வீட்டில் சாதாரண ஃபைபர் இணைப்பையும், சில பேர் பணிபுரியும் எங்கள் சிறிய அலுவலகத்தில் வணிக இணைப்பையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டுக்கும் சொல்லப்படும் வேகம் ஒன்றே. மாதக் கட்டணமோ பல மடங்கு வேறுபடுகிறது.

வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் (GPON) எனப்படும், ஓர் இழையைப் பலர் பகிரும் முறையில் இயங்குகிறது. ஓர் இழையின் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் பதிவிறக்கத் திறனையும், அதில் பாதியளவான பதிவேற்றத் திறனையும் 32 அல்லது 64 இணைப்புகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. மாலையில் வேகம் சற்றுத் தளர்வதற்கும் கட்டணம் மலிவாக இருப்பதற்கும் இந்தப் பகிர்வே காரணம் என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு 100 மெகாபிட்டே தாராளம். அதற்கு மேல் செலுத்தும் பணம் பெரும்பாலும் வைஃபையின் பலவீனத்திலேயே கரைந்துவிடுகிறது.

அலுவலகத்தின் கணக்கு வேறு. அங்கே கூடுதல் கட்டணம் நிலையான ஐபி முகவரிக்கும் (வெளியிலிருந்து அலுவலகக் கணினியை அணுக உதவும், மாறாத இணைய முகவரி), பதிவிறக்கத்துக்கு இணையான பதிவேற்ற வேகத்துக்கும், குறித்த நேரத்துக்குள் பழுது நீக்கித் தரும் உறுதிக்கும் செல்கிறது. ஒப்பந்தத்தில் இணைப்பு 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் இணைப்பு நிற்கலாம், 99.5 என்றால் அது ஏறத்தாழ 44 மணி நேரம். அந்த எல்லை மீறப்பட்டாலும் பொதுவாகக் கிடைப்பது மாதக் கட்டணத்தில் ஒரு சிறு கழிவுதான். வேலையின்றி அமர்ந்திருந்தவர்களின் ஊதியத்தை எவரும் ஈடுசெய்வதில்லை. ஆகவே, ஒரு மணி நேரத் தடங்கலால் நேரும் இழப்பைக் கணக்கிட்ட பிறகே எந்தத் திட்டம் மலிவு என்று சொல்ல முடியும்.

எங்கள் கோப்புகளும் கணக்குகளும் மேகக் கணினிச் சேவைகளில் இருப்பதால், வெளியிலிருந்து அலுவலகக் கணினியை அணுக வேண்டிய தேவை இல்லை. நிலையான ஐபிக்குத் தனியாகச் செலுத்திய தொகை வீண் என்றே கருதுகிறேன். கண்காணிப்பு கேமராவையோ சொந்த சர்வரையோ வெளியிலிருந்து நேரடியாக அணுகுவோருக்கு இது பொருந்தாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நிலையான ஐபியை விலக்கி, வணிக இணைப்பின் வேகத்தையும் பாதியாகக் குறைத்தோம். மிச்சமான தொகையில் வேறொரு நிறுவனத்தின் மலிவான இணைப்பை, முதல் கேபிள் வரும் கம்பத்தைத் தொடாத வழியில் பெற்று, ஒன்று நின்றால் மற்றொன்றுக்குத் தானாக மாறும் ரவுட்டரில் இணைத்திருக்கிறோம். பெரிய காணொளிக் கோப்புகளை அனுப்பும் வேளையில் மட்டும் வேகக் குறைவு தெரிகிறது. அவற்றை இரவில் அனுப்பிக்கொள்கிறோம்.