கயத்தாறு பழைய விமான ஓடுதளம்: அரைநாள் பயணச் சேவை பற்றி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கயத்தாறில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தை விளக்கிக் காட்டுவதற்காக, திருநெல்வேலி சந்திப்பிலிருந்து வேனில் அழைத்துச் செல்லும் சேவை இது. நம் பகுதியின் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் தயங்காமல் போகலாம்; ஆயினும் நடத்துவோர் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உள்ளன.

கயத்தாறு என்றாலே 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதுதான் எவருக்கும் நினைவுக்கு வரும். வழிகாட்டி அந்த நினைவிடத்தில் சுருக்கமாகப் பேசிவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதையும் ஓடுதளத்துக்கே ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசிய செய்தி நம் தென்கோடி மக்களை எவ்வளவு கலங்கச் செய்திருக்கும் என்பதிலிருந்து தொடங்கினார். ஊரார் சொல்லிவருவதையும் ஆவணங்களில் உள்ளதையும் அவர் பிரித்தே சொன்னார். இந்த நேர்மை எல்லா வழிகாட்டிகளிடமும் இருப்பதில்லை.

"காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு முதல்ல பாருங்க, அண்ணாச்சி" என்று என்னை நிறுத்தியவர், விமானம் எதிர்காற்றில் எழும்புவதும் இறங்குவதுமே பாதுகாப்பானது என்பதால் ஓடுதளத்தின் திசையைக் காற்றே தீர்மானிக்கிறது என்று விளக்கினார். செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் பிற்காலத்தில் இதே கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையமும் அமைந்தது. 1,350 மீட்டர் ஓடுதளத்தோடு 1992இல் தொடங்கிய தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம், பெரிய ஜெட் விமானங்களுக்காக அதை 3,115 மீட்டராக நீட்டிக்க வேண்டியிருந்ததையும் அவர் எடுத்துக்காட்டியபோது, போர்க்காலத் திடல்கள் பல ஏன் பயனற்றுப் போயின என்பது தெளிவாயிற்று.

குறைகளில் முதலாவது, கையில் தரப்படும் துண்டறிக்கை. அதில் கட்டபொம்மன் வரலாறு மட்டுமே இருக்கிறது. ஓடுதளத்தின் வரைபடம் ஒன்றுகூட இல்லை. தனியார் வசம் இருந்து பயன்பாடற்றுப்போன கோவில்பட்டி ஓடுதளத்தில் விமானிப் பயிற்சி நிறுவனம் அமைக்க, தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயன்றுவரும் இக்காலத்தில், அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது பெருங்குறை. நிழலே இல்லாத பொட்டலுக்கு உச்சி வெயிலில் அழைத்துச் செல்வதையும் மாற்ற வேண்டும்.

கட்டணம் மிகுதியன்று. ஆனி, ஆடி மாதங்களில், காலை நேரப் பயணமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு செல்லுங்கள். குடிநீரை நீங்களே கொண்டுபோவது நல்லது.