அக்கரைப்பற்று வீதித் தயிர்க்கடை: தயிருக்கு முழு மார்க், பதாகைக்கு முட்டை

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகிற வீதியில் ஒரு சின்ன எருமைத் தயிர்க்கடை. தயிரை நம்பி வாங்கலாம், கட்டித் தயிர், சட்டியைச் சரித்தாலும் அசையாது, மேலே தடிப்பாக ஆடை, புளிப்பும் அளவு. மண்சட்டி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் தண்ணீர் விட்டு நிற்பதில்லை. கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பாகு) அங்கேயே இருக்கிறது, ஆனால் அதில் சீனிப்பாகு கலந்த மாதிரி ஒரு ருசி, பாணியை வேறு இடத்தில் வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது கடைக்காரக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடுகிற பெயர்) பால் எடுக்கிற விதம். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட எருமையின் பாலை, மிருக வைத்தியர் சொன்ன நாட்கள் கழியும்வரை அவர் தொடமாட்டார். ஏன் காக்கா என்று கேட்டால், "அந்தப் பால் உறையாது தம்பி, ஊத்தித்தான் விடணும்" என்கிறார். உண்மைதான், பாலில் மிஞ்சுகிற பெனிசிலின் உறைமோரிலுள்ள பாக்டீரியாவை வளரவிடாது, காய்ச்சினாலும் அது முழுதாக அழிவதில்லை. உறைமோருக்கு எமனான மருந்து குடலிலுள்ள பாக்டீரியாவுக்கு மட்டும் சொந்தக்காரனா?

எருமைகள் வயலோரமாக மேய்பவை, அறுவடை முடிந்தால் வயலுக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் வயலில் போடுகிற உரம், களைநாசினி பற்றியும் விசாரித்தேன். யூரியா உரப்பையை வரம்பில் போட்டுவிட்டுப் போகிற ஆட்களைப் பற்றிக் காக்கா திட்டியதை இங்கே எழுத முடியாது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள பாக்டீரியாக்கள் யூரியாவை அமோனியாவாக்கி, அதை வைத்தே தங்களுக்கான புரதத்தைச் செய்துகொள்ளும், கொஞ்சம் என்றால் மாட்டுக்கும் அது லாபம்தான். மாடு பையையே நக்கித் தின்றுவிட்டால் அமோனியா ஈரல் சமாளிக்கிற வேகத்தைத் தாண்டி இரத்தத்தில் ஏறும், மாடு அங்கேயே விழும். உரம் கழுவி வந்த நீரிலுள்ள நைத்திரேற்றும் இப்படித்தான், அதை நைத்திரைற்றாக மாற்றுவது வயிற்றுப் பாக்டீரியாதான், அது இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவிடாமல் செய்துவிடும். கிளைபொசேற் களைநாசினி செடிக்குள் முடக்குகிற நொதியம் (என்சைம்) மாட்டிலும் இல்லை, நம்மிலும் இல்லை, ஆனால் குடல் பாக்டீரியா பலவற்றில் இருக்கிறது, அதனால் "மிருகங்களுக்கு ஒன்றும் செய்யாது" என்று கடைகளில் சொல்வது பாதிக் கதை. இலங்கையில் அதை 2015இல் தடை செய்தார்கள், 2022இல் தடையை எடுத்துவிட்டார்கள். மருந்தடித்த வயலுக்குள் தன் எருமைகளை உடனே விடுவதில்லை என்று காக்கா சொல்கிறார், நான் போய்ப் பார்க்கவில்லை.

சரி, பதாகைக்கு வருவோம். "குடலில் தேங்கிய நஞ்சு, பிளாஸ்டிக் யாவற்றையும் வெளியேற்றும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. யாரோ அச்சகத்துப் பிள்ளை எழுதிக் கொடுத்ததாம். குடல் பாக்டீரியாவுக்கும் நஞ்சுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த எலிகளின் உறுப்புகளில் ஆர்செனிக் கூடுதலாகத் தேங்கியதை 2018இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே வேலை செய்தது குடலில் குடியிருக்கிற பெரிய கூட்டம், தயிரில் இருப்பது வேறு கூட்டம், அதில் பெரும்பாலானவை சில நாளில் வெளியே போய்விடும். பிளாஸ்டிக்கைத் தயிர் வெளியேற்றும் என்பது சும்மா கதை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று செத்த யானைகளின் வயிற்றைப் பிளந்து பார்த்தவர்களிடம் கேட்கலாம்.

பதாகையில் இவ்வளவும் எழுதிவிட்டுத் தயிரைக் கட்டுகிற இடத்தில் என்ன செய்கிறார்கள்? சட்டி வாயைப் பொலித்தீனால் மூடி, அதையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுத் தருகிறார்கள். வாழையிலை கேட்டால் இருக்கிறது, கேட்க வேண்டும். பழைய சட்டியைக் கழுவிக் கொண்டுபோனால் விலையில் கழிப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டிவிடுவார்கள், மற்ற நாளிலும் பத்து மணிக்குப் பிறகு போனால் பிளாஸ்டிக் கப்பில் அடைத்ததுதான் மிஞ்சும், அது வேண்டாம்.