எச்ஐவி டெஸ்ட்: அரசு நம்பிக்கை மையமா, தனியார் லேபா?

இந்தியாவில் எச்ஐவி 1986-லேயே சென்னையில் கண்டறியப்பட்டது. இன்றும் சிடி4 (எதிர்ப்பு சக்தி தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) 200-க்குக் கீழே இறங்கி, காசநோயோடு வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. எங்கே போவது என்று யோசித்தே நாளைக் கடத்தாதீர்கள்.

செலவு: நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையம்) இலவசம். லேபில் காசு.

தொற்றிய புதிதில்: லேபில் நான்காம் தலைமுறை டெஸ்ட் கேளுங்கள், பி24 ஆன்டிஜெனையும் (வைரஸின் ஒரு புரதம்) பார்ப்பதால் சில வாரங்களிலேயே பிடித்துவிடும். ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) மட்டும் பார்க்கும் கிட்டில் நெகட்டிவ் வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கணும்.

முடிவு வந்த பிறகு: பெரிய வித்தியாசம் இங்கேதான். மையத்தில் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார், பாசிட்டிவ் என்றால் வேறு கிட்டுகளிலும் உறுதிசெய்து இலவச ஏஆர்டி (வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து) சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பல லேப்களில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வரும், அவ்வளவுதான்.

ரகசியம்: 2017 எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இரண்டுக்கும் பொருந்தும். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயமா? பக்கத்து ஊர் மையத்துக்குப் போங்கள்.

போன மாதம் நடந்ததை (பாதுகாப்பில்லாத உடலுறவு போன்றவை) நினைத்துப் பயம் என்றால் லேப், மற்றபடி மையம். நேற்று நடந்தது என்றால் இரண்டுமே அப்புறம். 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்த் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்து கேளுங்கள்.