பழகுறவங்களுக்கு எந்த மெஷின்? சர்வோ மோட்டார் போட்ட ஜூகி 8700

திருப்பூரில் "சிங்கர் டெய்லர் தேவை" என்று எழுதியிருந்தால் அது கம்பெனிப் பெயர் இல்லை. ஒற்றை ஊசி பவர் மெஷினுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் சிங்கர். கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாக, சேர்ந்தவர்கள் அடுத்து ஏற நினைக்கும் படி பெரும்பாலும் இதுதான். கம்பெனியில் மதிய இடைவேளையில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் பழக முடியாது என்பதால், வீட்டிலேயே ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ள நினைக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காக இந்த மதிப்பீடு.

எங்கள் தேர்வு ஜூகி டிடிஎல் 8700 தலை (மோட்டார், டேபிள் இல்லாத மெஷின் பாகம்), அதற்கு சர்வோ மோட்டார். பழகுகிறவர் தப்புத் தப்பாகத்தான் தைப்பார். அந்தத் தப்பு மெதுவாக நடக்கணும், கண்ணில் படணும், பிரித்துத் தைக்க முடியணும். இந்த மூன்றையும் வைத்தே இதை நிறுத்துப் பார்த்திருக்கிறோம்.

முதலில் வேகம். இந்தத் தலை நிமிஷத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடியது. கிளட்ச் மோட்டார் (சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய வகை) போட்ட மெஷினில் 4,000-க்கு ஓடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 66 தையல். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு நொடியில் பதினாறு சென்டிமீட்டர் துணி போய்விடும். பழகாத கால் பெடலை விட்டு எடுப்பதற்குள் ஒரு பாக்கெட்டின் பக்கமே முடிந்திருக்கும். தப்பு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கிளட்சை அரைகுறையாக மிதித்து மெதுவாக ஓட்டலாம்தான். அந்தக் கால் பழக்கம் வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். சர்வோவில் வேகத்தின் உச்சத்தையே கட்டி வைக்கலாம். 500-இல் வைத்தால் நொடிக்கு எட்டுத் தையல், இரண்டு சென்டிமீட்டர். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அதற்கு மேல் போகாது. பயம் போய்விட்டால் கை தானாக நேராகும்.

இன்னொரு நல்ல காரணம் விரல். கிளட்ச் மோட்டாரை நிறுத்தின பிறகும் அது சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் நூல் கோர்க்கும்போது கால் பெடலில் பட்டால் ஊசி இறங்கிவிடும். சர்வோ மிதித்தால் மட்டும் சுற்றும், அதனால் சும்மா இருக்கும் நேரத்துக்குக் கரண்டும் மிச்சம். அதற்காக ஸ்விட்சை அணைக்காமல் நூல் கோர்க்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த மோட்டாரானாலும் அணைத்துவிட்டு, பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டுக் கோருங்கள்.

தையல் நீளத்துக்கான டயல் 5 மில்லிமீட்டர் வரை போகும். முதல் இரண்டு வாரம் 4-இல் வையுங்கள். இஞ்சுக்கு ஆறு தையல்தான் விழும், பார்க்க அழகாக இருக்காது. பிரிக்கும்போது அதன் அருமை தெரியும். 2.5-இல் இஞ்சுக்குப் பத்து தையல் வரும், பிரிக்க ஒன்றரை மடங்குக்கு மேல் நேரமாகும். கோடு நேரானதும் 3, அப்புறம் 2.5 என்று குறைத்துக்கொண்டே வரலாம்.

என்ன துணியில் பழகுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பனியன் ஊரில் பனியன் துணி பிட்டு கிலோக் கணக்கில் கிடைக்கும், அதிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. ஊசி ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் தையலைப் பிரித்த இடத்தில் ஓட்டை விழும், இழுத்தால் அது ஓடும். நெய்த துணியில் ஊசி இழைக்கு நடுவே போகும். பிரித்த பிறகு நகத்தால் நீவி, தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் ஊசித்தடம் மறைந்துவிடும். அதனால் சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடுகிற காடாவில் (வெளுக்காத, சாயம் போடாத பருத்தித் துணி) இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு மீட்டர் அகலம் இருந்தால் 20-க்கு 20 சென்டிமீட்டரில் ஐம்பது பிட்டு வரும். ஐம்பதும் கெட்டுப்போகட்டும், அதற்குத்தான் வாங்கினது. பனியன் துணிக்கு மாறும்போது ஊசியும் மாறணும். இந்தத் தலைக்கு டிபி×1 (DB×1) ஊசி. பனியனுக்கு அதிலேயே முனை உருண்ட பால் பாயிண்ட் வகை. கூர் ஊசியைப் போட்டுவிட்டு "துணி சரியில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை.

இனி எல்லோருக்கும் முதல் நாளே வருகிற தப்பு ஒன்று. மேலே தையல் நன்றாக இருக்கும், துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி கொத்தாகச் சுருண்டிருக்கும். அடியில் இருப்பதால் அடிநூல் சுற்றிய பாபின் மேல்தான் சந்தேகம் வரும். உடனே பாபின் கேஸ் ஸ்குருவைத் திருகுவார்கள். அங்கேதான் ஒரு தப்பு இரண்டாகும். காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும்: மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் போய் உட்காரவில்லை, அல்லது ஆரம்பிக்கும்போது நூல் நுனியைப் பிடிக்காமல் விட்டாகிவிட்டது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருந்தால் தட்டு இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும், நூல் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேலிருந்து மறுபடியும் கோர்த்து, டக்கென்று உள்ளே விழுகிறதா பாருங்கள். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுங்கள், கைக்கு இறுக்கம் தெரியணும். மேல்நூல், அடிநூல் இரண்டின் நுனியையும் ஃபுட்டுக்குப் பின்னால் பிடித்தபடி முதல் மூன்று தையலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுங்கள். சொல்லித்தருகிறவர் நல்லவராக இருந்தால் அந்தக் கொத்தைப் பார்த்ததும், "போனாப் போவுது கண்ணு, நூலை எடுத்துட்டு மறுக்கா கோரு" என்பார். ஸ்குருவைத் தொடாமல் இருக்கச் சொன்னால் இன்னும் நல்லவர்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். இந்தத் தலையில் ஊசியின் நீளப் பள்ளம் இடது பக்கம், குழிந்த பக்கம் வலது. நூல் இடமிருந்து வலமாகக் கோர்க்கணும். வீட்டு மெஷினில் முன்னிருந்து பின்னே கோர்த்துப் பழகியவர்கள் ஊசியை அதே கணக்கில் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். ஊசி அடிக்கடி ஒடிந்தால், கை துணியைப் பின்னாலிருந்து இழுக்கிறது. ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பல்லு துணியைத் தள்ளிக்கொண்டு போகும், கைக்கு வழிகாட்டுகிற வேலை மட்டும்தான். கோடு கோணினால், கண் ஊசியைப் பார்க்கிறது; ஃபுட்டின் ஓரத்தைப் பாருங்கள்.

பிரிக்கிறதும் ஒரு வேலைதான், அதையும் பழகணும். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக டிரிம்மரால் வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை உருவினால் முழுசாக வந்துவிடும். கெட்ட பிட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஓரத்திலேயே பால்பாயிண்ட் பேனாவால் தேதி, ஊசி நம்பர், வேகம், டயல் நீளம் எழுதிக் கம்பியில் கோர்த்து மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மூன்றாம் வாரம் அதே தப்பு வந்தால் பதில் அந்தக் கட்டிலேயே இருக்கும். செக்கிங்கில் ஆல்டர் (பிரித்துத் திருத்தித் தைக்க வேண்டியது) என்று திரும்பி வருகிற பீஸைப் பார்த்துக் கலங்கிப்போய், நல்ல கை இருந்தும் கைமடிக்கே திரும்பியவர்கள் இந்த ஊரில் உண்டு. அது வீணான இழப்பு. ஆல்டர் வராத டெய்லர் எந்த லைனிலும் கிடையாது.

குறைகளும் இருக்கின்றன. மலிவான சர்வோவில் மிகக் குறைந்த வேகத்தில் இழுவை போதாது. நாலு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி நின்றுவிடும். அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டணும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் கண்ட்ரோல் பாக்ஸ் போனால், கிளட்ச் மாதிரி சில்லறைச் செலவில் சரியாகாது. நாள் முழுக்க மெதுவாகவே ஓட்டினால் மேலே ஆயில் ஏறுவது குறையும். தினமும் நூல், பாபின் எடுத்துவிட்டு, ஃபுட்டைத் தூக்கி, சில நிமிஷம் 2,000-இல் ஓட்டுங்கள். மெஷின் தலையின் மேல் இருக்கும் கண்ணாடி மூடியில் ஆயில் தெறிப்பது தெரியணும். கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பழைய பவர் டேபிள் யூனிட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே கிளட்ச் இருக்கக்கூடும், கால் மறுபடி பழகச் சில நாள் பிடிக்கும். இத்தனைக்கும் பிறகும் எங்கள் சிபாரிசு சர்வோதான். பட்டன் நிறைய இருப்பதைவிட, வேகத்துக்குத் திருகு மட்டும் இருக்கிற மாடல் பழகுகிறவருக்கு வசதி.

பழைய தலையாக வாங்குவதாக இருந்தால் கடைக்காரர் தருகிற பிட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் காடா, மேலே சிவப்பு நூல், அடியில் வெள்ளை நூல் கொண்டுபோங்கள். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கணும். சரசரவென்று விழுந்தாலும், அசையாமல் நின்றாலும் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு ஒரு முழம் தைத்துத் திருப்புங்கள். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு, மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இறுக்கம். டென்ஷன் திருகை அரைச் சுற்று திருப்பித் தைத்தும் புள்ளி மாறவே இல்லையென்றால் தட்டோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதை மாற்றித் தந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.