துப்பாக்கியில் தயாரிப்பாளர் பெயர் பொறிப்பு: டல்லஸ் வட்டாரக் கடை ஒன்றின் சேவை

அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் கொண்ட ரைபிளைத் தாமே அமைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர், ஆயுதங்களை ஒழுங்குபடுத்தும் ஏடிஎஃப் எனப்படும் மத்திய அமைப்பிடம் ‘ஃபார்ம் 1’ விண்ணப்பம் அளித்து ஒப்புதல் பெற்றுவிட்டால், சட்டத்தின் பார்வையில் அவரே அந்த ஆயுதத்தின் தயாரிப்பாளர் ஆகிவிடுகிறார். நிறுவனம் இட்ட வரிசை எண் அப்படியே இருக்கலாம். ஆனால் அதனுடன் அவருடைய பெயரும், ஊரும், மாநிலமும் உலோகத்தில் பொறிக்கப்பட்டாக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இவ்வகை ரைபிளுக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டதே தவிர, பொறிப்பு விதி எந்த வகையிலும் தளரவில்லை. டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கும் நான், என் ஏஆர்-15 ரைபிளுக்காக டல்லஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு லேசர் பொறிப்புக் கடையை நாடினேன். அக்கடையின் வேலையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

கடைக்கு மத்திய அரசின் ஆயுத உரிமம் இருக்கிறது. துப்பாக்கியைக் கடையிலேயே இரவு வைத்துவிட்டு வந்தால் அது அவர்களுடைய பதிவேட்டில் ஏற வேண்டும்; உரிமையாளர் காத்திருந்து அன்றே எடுத்துச் செல்வதானால் அந்தப் பதிவு தேவையில்லை. இதை அவர்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லி, முழுத் துப்பாக்கி வேண்டாம், உதிரிப் பாகங்கள் கழற்றிய லோயர் ரிசீவரை (வரிசை எண் தாங்கிய கீழ் உடற்பகுதியை) மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள்.

பெயரை எங்கே பொறிப்பது என்பதில்தான் கடைக்காரரின் தரம் தெரிந்தது. என் பெயர் பளிச்சென்று வெளியே தெரிவதில் எனக்கு விருப்பமில்லை. கைப்பிடிக்கு அடியிலோ, மேகசின் (தோட்டாப் பெட்டி) நுழையும் குழியின் உட்சுவரிலோ, விசையைச் சுற்றியுள்ள டிரிகர் கார்டின் மீதோ பொறித்துவிட முடியுமா என்று கேட்டேன். மூன்றையும் அவர் மறுத்தார், ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னார். எழுத்துகள் எதனாலும் மறைக்கப்படாமல் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பது விதி. கைப்பிடியை மாட்டினால் ஓரிடம் மறையும், மேகசினைச் செருகினால் மற்றொன்று மறையும். டிரிகர் கார்டோ பெரும்பாலான ஏஆர்-15 வகைகளில் கழற்றி மாற்றக்கூடிய தனிப் பாகம் என்பதால், அதில் பொறித்தது ரிசீவரில் பொறித்ததாகக் கணக்கில் வராது. முன்பு பெயரையும் ஊரையும் குழலில் பொறிக்க இடமிருந்தது. 2022 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இவை ஃபிரேம் அல்லது ரிசீவர் எனப்படும் உடற்பகுதியில்தான் இருக்க வேண்டும். மாடல், காலிபர் (குண்டின் விட்ட அளவு) ஆகிய இரண்டுக்கு மட்டுமே குழல் இன்னும் அனுமதிக்கப்படுகிறது. குழலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதால் இந்தத் திருத்தம் நியாயமானதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, வலப்பக்கத்தில் கைப்பிடிக்கு மேலே, சுடாமல் தடுக்கும் பாதுகாப்பு நெம்புக்குப் பின்னால் இருக்கும் சிறு சமதளத்தைப் பார்த்தோம். பலரும் விரும்பும் இடம் அது. நான் இருபுறமும் இயங்கும் நெம்பு மாட்டப்போவதாகச் சொன்னதும், அவர் தம் மேசையிலிருந்த ஒரு நெம்பை எடுத்துத் துளையில் செருகிச் சுழற்றிக் காட்டினார். ஒரு நிலையில் அதன் வால் அந்தச் சமதளத்தின் பாதியை மூடிவிட்டது. இறுதியில் மேகசின் குழியின் வலப்புற வெளிச்சுவரே முடிவாயிற்று. இடப்புறத்தில் நிறுவனத்தின் சின்னமும் வரிசை எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. வலப்புறம் வெறுமையாகவும், இரண்டு வரிகளுக்குப் போதிய அகலத்துடனும் இருந்தது.

அகலம் முக்கியமானது என்பதை நம் பெயர்களைச் சுமப்பவர்கள் எளிதில் உணர்வார்கள். ஊரில் ஒற்றை இனிஷியலாக இருந்த தந்தையார் பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக விரிந்து, இங்குள்ள எல்லா ஆவணங்களிலும் முழுமையாக ஏறிவிட்டது. ஃபார்ம் 1-இலும் அப்படியே. இனிஷியலாகச் சுருக்கிவிடலாமா என்று கேட்டபோது, ஒப்புதல் வந்த படிவத்தில் உள்ள பெயரே உலோகத்திலும் இருக்கட்டும், மாநிலப் பெயரை மட்டும் வழக்கமான இரண்டெழுத்துச் சுருக்கமாகப் பொறிக்கலாம் என்றார். படிவத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக என்னையும் படிக்கச் சொன்னார். தமிழ்ப் பெயர்களில் ஓர் எழுத்து இடம் மாறுவது எவ்வளவு சாதாரணம் என்று அறிந்தவன் என்ற முறையில் அந்தப் பொறுமையை மெச்சுகிறேன்.

ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 1/16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது வரிசை எண்ணுக்கு மட்டுமான விதி என்றாலும், இக்கடை எல்லா எழுத்துகளுக்கும் அதையே பின்பற்றுகிறது. அலுமினிய ரிசீவரின் மேலுள்ள கருமையான அனோடைஸ் படலத்தை (காப்புப் படலத்தை) மட்டும் லேசரால் எரித்தாலே எழுத்து வெள்ளையாக, அழகாகத் தெரியும். பார்ப்பவர் வேலை முடிந்தது என்றே நினைப்பார். ஆனால் அந்த அளவில் உரிய ஆழம் கிடைப்பதில்லை. இங்கே ஃபைபர் லேசரைப் பலமுறை ஓட்டி, ஓரங்களில் எழுந்த பிசிறைத் தூரிகையால் நீக்கிய பிறகே, ஊசிமுனை பொருத்திய டயல் கேஜால் அளந்தார்கள். சமதளத்திலிருந்துதான் ஆழத்தைக் கணக்கிட வேண்டும், மேலெழுந்த விளிம்பிலிருந்து அல்ல என்று விதியே சொல்வதால், பிசிறை நீக்காமல் அளப்பது ஏமாற்று வேலையாகிவிடும். முள் 0.004-ஐத் தாண்டி நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

குறைகளும் உண்டு. 75 டாலர் கட்டணம் இரண்டு வரிகளுக்கு அதிகம்தான். முன்பதிவு செய்திருந்தும் வெகுநேரம் காக்க வைத்தார்கள். அமர ஒரே ஒரு நாற்காலி. எழுத்துரு மிகவும் தட்டையானது. நிறுவனம் இடப்புறத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒட்டாமல் தெரிகிறது. வெளிப்பட்ட அலுமினியத்தைக் கருமையாக்கும் திரவத்தைப் பூசித் தருவதாகச் சொன்னவர்கள் அதைச் சீராகப் பூசவில்லை. இரண்டு எழுத்துகள் சாம்பல் நிறத்தில் தங்கிவிட்டன, நான் வீட்டில் மீண்டும் பூச வேண்டியதாயிற்று. இவை எதுவும் சட்டத்தை மீறும் குறைகள் அல்ல என்பதால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

சைலன்சருக்கு (சுடும் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்கு) பொறிக்க விரும்புவோர் மட்டும் வேறு கடையைத் தேடுவது நல்லது. அதில் பெயரும் எண்ணும் கழற்றக்கூடிய முனை மூடியில் அல்லாமல் வெளிக்குழாய் போன்ற உடற்பகுதியிலேயே இருக்க வேண்டும். உருண்டையான பரப்பைச் சீராகச் சுழற்றிப் பிடிக்கும் சாதனம் இவர்களிடம் இல்லை, அந்த வேலையை ஏற்பதில்லை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.